ரவுட்டரில் பச்சை விளக்கு, பெட்டியில் லேன் இல்லை

கேள்வி: ஐயா, 2017-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. எஸ்912 சிப், 2 ஜிபி ராம். 'கிகாபிட் லேன்' என்று அட்டையில் போட்டிருந்தது. ஆண்ட்ராய்டு ரொம்பவும் மந்தமாகிவிட்டதால் மெமரி கார்டில் கோர்எலெக் என்ற சிறிய லினக்ஸ் இயங்குதளத்தை எழுதி, அதிலிருந்து கோடி என்ற வீடியோ பிளேயரை ஓட்டுகிறேன். பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்புகளில் எது என் பெட்டிக்கு உரியது என்று தெரியவில்லை. க்யூ201 என்று பெயர் உள்ள ஒன்றைப் போட்டேன். பெட்டி கிளம்பிவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். படம், ஒலி, ரிமோட், வைஃபை எல்லாம் சரி. லேன் மட்டும் வரவில்லை. இணைப்புகள் பட்டியலில் வைஃபை பெயர்கள் மட்டும்தான், 'வயர்டு' என்ற வரியே இல்லை. ஆனால் ரவுட்டரில் அந்த ஒயருக்கு நேரான விளக்கு பச்சையாக எரிகிறது. அதே ஒயரில் மடிக்கணினியைச் செருகினால் அதே பச்சை, இணையமும் வருகிறது. பழைய பிரிண்டரைச் செருகினால் விளக்கு ஆரஞ்சு. மாடியில் உள்ள கணினியிலிருந்து பெரிய படங்களை வைஃபையில் ஓட்டினால் நின்று நின்று ஓடுகிறது, அதனால்தான் லேன் வேண்டும். கடைக்காரர், 'லேன் போர்ட் அவுட், யுஎஸ்பி லேன் ஒன்று வாங்கிப் போடுங்கள்' என்கிறார். வாங்கிவிடலாமா? கார்டு இல்லாமல் பெட்டிக்குள்ளேயே கோர்எலெக்கை ஏற்றிவிட்டால் சரியாகுமா? — ஈரோடு வாசகர்

பதில்: இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். யுஎஸ்பி லேன் வாங்கினால் கொஞ்சம் பணம்தான் போகும். பெட்டிக்குள் ஏற்றினால், பழுது எங்கே என்று கண்டுபிடிக்க உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல சாட்சியும் போய்விடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் லேன் சாக்கெட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கான ஆதாரத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பிரிண்டருக்கு ஆரஞ்சு, மடிக்கணினிக்குப் பச்சை, பெட்டிக்கும் பச்சை. பல ரவுட்டர்களில் 100 மெகாபிட் இணைப்புக்கு ஒரு நிறம், 1000 மெகாபிட்டுக்கு இன்னொரு நிறம். பழைய பிரிண்டர்களில் பெரும்பாலும் 100-தான். மடிக்கணினி கிகாபிட். உங்கள் பெட்டிக்கும் பச்சை எரிகிறதென்றால் ரவுட்டரும் பெட்டியும் கிகாபிட்டில் கைகுலுக்கியிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். லேன் நிலவரம் காட்டும் இடத்தில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எதிரே வேகம் போட்டிருக்கும். 1000 என்று இருந்தால் விஷயம் முக்கால்வாசி முடிந்தது.

எப்படி என்கிறீர்களா? லேன் வேலையை ஒரே சிப் செய்வதில்லை. எஸ்912-க்குள் தகவலைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பொட்டலத்தை ஒயரில் ஓடும் மின் துடிப்பாக மாற்றுவது இன்னொரு பகுதி, அதற்கு ஃபை என்று பெயர். எஸ்912-க்குள்ளேயே ஒரு ஃபை இருக்கிறது, ஆனால் அது 10/100 மட்டுமே. 1000-க்கு அதனால் போகவே முடியாது. கிகாபிட் வேண்டும் என்று நினைக்கும் தயாரிப்பாளர் சாக்கெட் அருகே தனியாக ஒரு ஃபை சிப்பை வைப்பார். பெரும்பாலும் ரியல்டெக் ஆர்டிஎல்8211எஃப்தான். பெட்டியைத் திறந்தால் லேன் சாக்கெட் பக்கத்தில், கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர் கட்டைக்குச் சற்றுத் தள்ளி, விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சதுர சிப் தெரியும். அதன் மேல் குட்டியாக ஒரு நண்டு போட்டிருக்கும், ரியல்டெக்கின் சின்னம் அதுதான். நண்டும் அந்த எண்ணும் இருந்தால் கிகாபிட் பெட்டி. சாக்கெட்டுக்கும் பெரிய சிப்புக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான், வேறு சிப்பே இல்லை என்றால் உள் ஃபை, 100 மெகாபிட் பெட்டி. அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

உங்கள் ரவுட்டர் 1000 காட்டினால், பெட்டியைத் திறக்காமலே உள்ளே தனி ஃபை இருப்பது தெரிந்துபோகிறது. உள் ஃபை அந்த வேகத்தில் கைகுலுக்கியிருக்க வழியே இல்லை.

இப்போது நீங்கள் போட்ட கோப்புக்கு வருவோம். எஸ்912-க்கு, அந்தச் சிப்பைச் செய்யும் அம்லாஜிக் நிறுவனத்தின் மாதிரி மதர்போர்டுகள் இரண்டு: க்யூ200, க்யூ201. சந்தையில் உள்ள எஸ்912 பெட்டிகளில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றைப் பார்த்துச் செய்தவைதான். இரண்டுக்கும் இடையே லேன் விஷயத்தில் உள்ள வித்தியாசமே இதுதான். க்யூ200-ல் வெளி ஃபை, கிகாபிட். க்யூ201-ல் உள் ஃபை, 100. நீங்கள் க்யூ201 கோப்பைப் போட்டிருக்கிறீர்கள். ஆகவே கோர்எலெக் உள்ளே இருக்கும் ஃபையை எழுப்பி, 'ஒயர் வந்திருக்கிறதா?' என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஃபையிலிருந்து உங்கள் சாக்கெட்டுக்கு ஒரு கம்பிகூடப் போகவில்லை. 'இல்லை' என்கிறது. அதனால் 'வயர்டு' வரியும் இல்லை. சாக்கெட்டில் உண்மையில் கோத்திருக்கும் வெளி ஃபையோ, மின்சாரம் கிடைத்ததுமே தானாக ரவுட்டருடன் பேசி வேகத்தை முடிவு செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பேச்சுக்கு இயங்குதளத்தின் உதவி வேண்டியதில்லை. விளக்கு எரிகிறதே, லேன் ஏன் வரவில்லை என்று நீங்கள் குழம்பியதற்குக் காரணம் இந்த இடம்தான். விளக்கு சொல்வது ஃபையும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன என்பதை மட்டும். பெட்டியின் மூளை அந்த ஃபையுடன் பேசுகிறதா என்பதை அது சொல்லாது.

கணினியில் விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாகப் போட்டால் இப்படிக் கோப்புப் பொறுக்கும் வேலை இல்லையே என்று தோன்றும். கணினியில் லேன் கார்டு 'நான் இன்ன நிறுவனம், இன்ன மாடல்' என்று தானே அறிவித்துக்கொள்ளும். இந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலான சிப்புகள் அப்படி வாய் திறக்காது. எது எந்தக் காலில் கோத்திருக்கிறது, எதற்கு எந்தக் கடிகாரம், ராம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் வெளியிலிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துதான் டிவைஸ் ட்ரீ. வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் எழுதிவைத்துவிட்டுப் போன வரைபடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வரைபடத்தைக் கொடுத்தாலும் ஹால் விளக்கு எரியலாம், ஏனென்றால் இரண்டு வீட்டிலும் ஹால் ஒரே இடத்தில் இருக்கும். உங்கள் படமும் ஒலியும் வைஃபையும் வந்தது அப்படித்தான்.

'கிளம்பிவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஃப்ளாஷ் செய்த பெட்டியோடு என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். பெட்டி கிளம்பினால் ராமும் திரையும் பொருந்தியிருக்கின்றன என்று அர்த்தம். கோப்பு பொருந்தியிருக்கிறது என்று அர்த்தமில்லை.

சரி, செய்ய வேண்டியது.

முதலில் சாட்சியை விசாரியுங்கள். நீங்கள் மெமரி கார்டிலிருந்துதான் ஓட்டுகிறீர்கள். பழைய ஆண்ட்ராய்டு பெட்டிக்குள் அப்படியே இருக்கிறது. பெட்டியை அணைத்து, அடாப்டரையும் பிடுங்கி, கார்டை உருவிவிட்டு மறுபடி போடுங்கள். ஆண்ட்ராய்டு வரும். அதில் வைஃபையை அணைத்துவிட்டு லேனில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். வைஃபையை அணைப்பதை மறந்துவிடாதீர்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் வேலை செய்வதுபோலவே இருக்கும், எதில் வருகிறதென்று தெரியாது. ஆண்ட்ராய்டில் லேன் வந்தால் சாக்கெட், டிரான்ஸ்ஃபார்மர், ஃபை, ஒயர், ரவுட்டர் எல்லாமே நல்லவை, பழுது முழுக்க நீங்கள் கார்டில் எழுதியதில்தான். கடைக்காரர் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் 'அவுட்' என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் இடி மின்னலில் லேன் போனவைதான் என்றால் கை தானாக யுஎஸ்பி லேன் பக்கம்தான் போகும்.

அடுத்து கார்டைக் கணினியில் செருகுங்கள். இரண்டு பகுதிகளில் ஒன்று மட்டும் விண்டோஸில் திறக்கும், கோர்எலெக் என்றே பெயர் இருக்கும். இன்னொன்றை 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவசரத்தில் ஆம் என்று தட்டி, சேர்த்து வைத்த அமைப்புகளையெல்லாம் இழந்துவிட்டு வருபவர்கள் உண்டு. திறக்கும் பகுதியில் டிவைஸ் ட்ரீ கோப்புகளுக்கென்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ஜிஎக்ஸ்எம் என்று தொடங்கி, நடுவில் க்யூ200 என்று இருந்து, 2ஜி என்று முடிவதைத் தேடுங்கள். ஜிஎக்ஸ்எம் என்பது எஸ்912-க்கு அம்லாஜிக் வைத்த குடும்பப் பெயர், கடைசியில் உள்ளது ராம் அளவு. 3ஜி என்று முடிவதைத் தவறி எடுத்தால், இல்லாத ராமை இருப்பதாக நம்பிப் பெட்டி கிளம்பாமலே நிற்கலாம்.

அந்தக் கோப்பை ஃபோல்டருக்கு வெளியே, கார்டின் முதல் பக்கத்துக்கு நகலெடுங்கள். அங்கே ஏற்கெனவே 'டிடிபி.ஐஎம்ஜி' என்று ஒன்று இருக்கும், அதுதான் இப்போதைய க்யூ201. அதன் பெயரை 'டிடிபி-பழசு' என்கிற மாதிரி மாற்றி வைத்துக்கொண்டு, புதியதற்கு டிடிபி.ஐஎம்ஜி என்று பெயர் கொடுங்கள். (இங்கே தமிழில் எழுதினாலும் கோப்புப் பெயரும் கட்டளையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், சிறிய எழுத்தில்.) இந்த இடத்தில் விண்டோஸ் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. அது கோப்பின் வால்பெயரைக் காட்டாமல் மறைப்பது வழக்கம். நீங்கள் டிடிபி.ஐஎம்ஜி என்று மாற்றியதாக நினைப்பீர்கள், உண்மையில் அது டிடிபி.ஐஎம்ஜி.டிடிபி என்று ஆகியிருக்கும். பெட்டி அதைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்காமல் நிற்கும். எக்ஸ்ப்ளோரரில் வால்பெயர்களைக் காட்டும் அமைப்பைப் போட்டுக்கொண்டு பிறகு பெயரை மாற்றுங்கள். கார்டை முறையாக எஜெக்ட் செய்து எடுங்கள்.

கார்டைப் பெட்டியில் போட்டு, லேன் ஒயரைச் செருகி, அடாப்டரைப் போடுங்கள். பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். இணைப்புகள் பட்டியலில் 'வயர்டு' என்று ஒரு வரி வரும், ஐபி முகவரி உங்கள் மற்ற சாதனங்களுக்கு உள்ளது போலவே 192.168 என்று தொடங்கும்.

வந்த பிறகு ஒரே ஒரு அமைப்பு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கிகாபிட் கைகுலுக்கல் முடிந்து ஐபி கிடைக்கச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் கோடி எழுந்து மாடிக் கணினியைத் தேடினால் 'இல்லை' என்றுதான் வரும். கோர்எலெக் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில், கோடி தொடங்கும் முன் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. பத்து விநாடி போட்டுவிடுங்கள். 'தினமும் காலையில் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணினால்தான் படங்கள் வருகின்றன' என்கிற புகார் இதோடு போய்விடும்.

வரி வந்தும் இணையம் வராமல் போகலாம். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இன்னொரு கடிதம் போட வேண்டியிருக்கும்.

'வயர்டு' வந்தது, ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 'ரவுட்டரிடம் முகவரி கேட்டேன், பதில் வரவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்' என்று பெட்டி சொல்வதாக அர்த்தம். ஆகவே ஃபை சரியாகப் பிடிபட்டுவிட்டது, ஒயர் இருப்பதும் தெரிகிறது, தகவல்தான் போகவில்லை அல்லது வரவில்லை. மடிக்கணினி அதே ஒயரில் ஓடியதால் ஒயரையும் ரவுட்டரையும் விட்டுவிடலாம். மீதி இருப்பது எஸ்912-க்கும் வெளி ஃபைக்கும் நடுவே மதர்போர்டில் ஓடும் கோடுகள்.

இங்கேதான் கிகாபிட் பெட்டிகளின் நிஜமான தொல்லை இருக்கிறது. அந்தக் கோடுகளில் கிகாபிட் வேகத்தில் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 8 நானோவிநாடி. துடிப்பின் ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை தகவல் மாறுகிறது. தகவல் மாறும் அதே நொடியில் படித்தால் குப்பைதான் கிடைக்கும் என்பதால், கடிகாரத்தைச் சுமார் 2 நானோவிநாடி தள்ளி வைக்க வேண்டும். அந்தத் தாமதத்தை முதன்மைச் சிப் சேர்க்கலாம், ஃபை சேர்க்கலாம். யாராவது ஒருவர் மட்டும் சேர்க்க வேண்டும். இரண்டு பேரும் சேர்த்தாலும் தப்பு, இரண்டு பேருமே சும்மா இருந்தாலும் தப்பு. யார் சேர்ப்பது என்பதும் டிவைஸ் ட்ரீயில்தான் எழுதியிருக்கிறது. அது மதர்போர்டுக்கு ஒவ்வாவிட்டால் கைகுலுக்கல் நன்றாக நடக்கும், விளக்கு எரியும், ஒரு பொட்டலம்கூட உருப்படியாகப் போய்ச் சேராது.

இதைக் கண்டுபிடிக்க அலைக்காட்டியெல்லாம் வேண்டாம். பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று யாரிடமாவது தூசி படிந்து கிடக்கும். சிசிடிவி வேலை செய்பவர்களிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதை ரவுட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் போடுங்கள். 100-ல் அந்தக் கடிகாரம் 25 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு துடிப்புக்கு 40 நானோவிநாடி. 2 நானோவிநாடி முன்பின் ஆனாலும் அங்கே உறைக்காது. நடுவில் ஸ்விட்ச் இருக்கும்போது உடனே ஐபி வந்து, எடுத்தால் போய்விடுகிறது என்றால் பழுது அந்தத் தாமதத்தில்தான். அப்போது அதே க்யூ200 குடும்பத்தில் வேறு கோப்போ, கோர்எலெக்கின் வேறு பதிப்போ போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஸ்விட்சை அங்கேயே விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அப்படியே வருடக்கணக்காக ஓடுகின்றன.

100 போதுமா என்று கேட்பீர்கள். நடைமுறையில் சுமார் 94 மெகாபிட் கிடைக்கும். சாதாரண ப்ளூரே வட்டில் படத்துக்கு மட்டும் அதிகபட்சம் 40 மெகாபிட்தான். ஆகவே முழுநீள ப்ளூரே நகல்கூடத் தாராளமாக ஓடும். 4கே ப்ளூரேயின் நேர்நகலில் மட்டும் உச்சத்தில் 128 மெகாபிட் வரை ஏறும், அந்த இடங்களில் திணறும். மற்றபடி இணையத்தில் வரும் 4கே படங்களுக்கு 25 மெகாபிட் இருந்தாலே போதும். உங்கள் மாடிக் கணினியில் இருப்பது என்ன வகைக் கோப்புகள் என்று பார்த்துக்கொண்டு, கிகாபிட்டுக்காக எவ்வளவு மெனக்கெடலாம் என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வகைப் பழுது உண்டு. எல்லாம் சரியாக ஓடும், பெரிய கோப்பை இழுக்க ஆரம்பித்ததும் இணைப்பு அறுந்து அறுந்து வரும். இதற்கு ஒயரைச் சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் ஆர்டிஎல்8211எஃப் உள்ள அம்லாஜிக் மதர்போர்டுகளில் மின்சாரம் சேமிக்கும் ஈஈஈ என்ற வசதியும் இதே கோளாறைச் செய்யும். போக்குவரத்து இல்லாத நேரத்தில் இரு முனைகளும் கண்ணயர்ந்து, வேலை வந்ததும் விழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. விழிக்கும்போது தடுமாறுகிறது. ஓட்ராய்டு சி2 என்ற கொரியப் பலகையில் இந்தத் தொல்லை இருந்து, கடைசியில் லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அந்தப் பலகையின் டிவைஸ் ட்ரீயிலேயே 'இதில் கிகாபிட் ஈஈஈ வேண்டாம்' என்று எழுதி வைத்தார்கள். உங்களுக்கும் அப்படி வந்தால் எஸ்எஸ்எச் (இன்னொரு கணினியிலிருந்து பெட்டிக்குக் கட்டளை தட்டும் வழி) வழியே உள்ளே போய் (பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் கோர்எலெக்), 'ஈத்டூல்' கட்டளையில் ஈத்0-க்கு (லேனுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர்) ஈஈஈ-யை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அது பலித்தால் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் அதே வரியைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தானாக அணைந்துகொள்ளும்.

எஸ்எஸ்எச்சில் நுழைந்துவிட்டீர்களானால் இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளை, பெட்டி கிளம்பியதிலிருந்து கெர்னல் சொன்னதையெல்லாம் கொட்டும். அதில் ஈத்0 என்று வரும் வரிகளைத் தேடினால் எந்த ஃபையைப் பிடித்திருக்கிறது என்று பெயரோடு இருக்கும். 'இன்டர்னல் ஃபை' என்கிற மாதிரி இருந்தால் இன்னும் க்யூ201-ல்தான் இருக்கிறீர்கள், கோப்பு மாறவில்லை. ஆர்டிஎல்8211எஃப் என்று இருந்தால் சரியான கோப்பு. ஈத்0 என்ற வார்த்தையே இல்லையென்றால் அந்தக் கோப்பில் லேன் பகுதியே அணைக்கப்பட்டிருக்கிறது. ஊகங்களைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய அடையாள எண், பற்றிச் சுருக்கமாக. ஃப்ளாஷ் செய்த பெட்டிகளில் சிலவற்றில் அது சேமித்த இடத்திலிருந்து படிக்கப்படாமல், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் புதிதாக ஒன்று உருவாகும். ரவுட்டர் ஒவ்வொரு முறையும் இதைப் புதுச் சாதனம் என்று நினைத்துப் புது ஐபி கொடுக்கும், மாடிக் கணினியில் நீங்கள் குறித்து வைத்த முகவரி பொருந்தாது. கோடியின் சிஸ்டம் தகவல் பக்கத்தில் நெட்வொர்க் பகுதியில் மேக் முகவரி தெரியும். குறித்துக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். மாறியிருந்தாலோ, இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தாலோ அது தொழிற்சாலையில் கொடுத்த முகவரி இல்லை என்று சந்தேகப்படலாம். இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கும். ஒரே மாடலில் இரண்டு மலிவுப் பெட்டிகள் வாங்கினால் இரண்டுக்கும் ஒரே மேக் இருக்கும். ஹாலில் போட்டால் படுக்கையறையில் இணைப்பு போகும், அங்கே போட்டால் இங்கே போகும். உங்கள் வீட்டில் ஒரு பெட்டிதான் என்பதால் இது உங்களுக்கில்லை.

இனி அந்தச் சாட்சி விஷயம். பெட்டிக்குள்ளேயே ஏற்றினால் லேன் சரியாகாது, ஏனென்றால் கூடவே போவது அதே தவறான வரைபடம்தான். அதோடு ஆண்ட்ராய்டும் போய்விடும், இனி எந்தப் பழுதுக்கும் 'கம்பெனியில் போட்டுக் கொடுத்ததில் வேலை செய்கிறதா?' என்று கேட்க ஆளில்லை. திரும்பப் பழைய ஆண்ட்ராய்டைப் போடலாமே என்றால், அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வேலை. ஒரே பெயரில், ஒரே டப்பாவில் வரும் பெட்டிகளுக்குள் மூன்று விதமான மதர்போர்டுகள் இருக்கும். வைஃபை சிப் வேறு, ராம் வேறு, ஃபை வேறு. டப்பாவின் பெயரைப் பார்த்து இறக்கிய ஆண்ட்ராய்டு கோப்பை யுஎஸ்பி பர்னிங் டூலில் (கணினியிலிருந்து பெட்டிக்குள் எழுதும் நிரல்) ஏற்றினால், இப்போது லேன் இல்லாத பெட்டி அப்புறம் எதுவுமே இல்லாத பெட்டியாகிவிடலாம். கார்டிலிருந்தே ஓட்டுங்கள். நல்ல கார்டாக இருந்தால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. லேன் உட்பட எல்லாம் சில வாரம் ஒழுங்காக ஓடி, பெட்டிக்குள் இருப்பதைக் காப்பு எடுத்தும் வைத்த பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம்.

யுஎஸ்பி லேன் எப்போது சரி? கார்டை உருவிய பின் ஆண்ட்ராய்டிலும் லேன் வராமல், ரவுட்டரில் விளக்கும் எரியாமல் போனால். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்த மறுநாள் இப்படிப் பல பெட்டிகள் வரும். கேபிள்காரர் தெருக் கம்பத்திலிருந்து தாமிர லேன் ஒயரையே நேராக வீட்டுக்குள் இழுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சாக்கெட் அருகே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஓரளவு தாங்கும், அருகில் விழும் இடியைத் தாங்காது. வெளி ஃபை கருகியிருந்தால், செல்போன் போர்டு வேலை செய்பவர் அந்த நண்டுச் சிப்பை மாற்றிக் கொடுப்பார். உள் ஃபை கருகியிருந்தால் அது முதன்மைச் சிப்பின் ஒரு மூலை, அதை மட்டும் மாற்ற வழியில்லை. அந்த நிலையில் யுஎஸ்பி லேன்தான் ஒரே வழி, அது மட்டமான வழியும் இல்லை. எஸ்912-ல் இருப்பது யுஎஸ்பி 2.0 என்றாலும், ஆர்டிஎல்8153 சிப் உள்ள கிகாபிட் அடாப்டரைப் போட்டால் 100-ஐத் தாண்டியே வேகம் கிடைக்கும். டிரைவர் கோர்எலெக்கிலேயே இருக்கிறது, செருகினாலே 'வயர்டு' வந்துவிடும். வாங்கும்போது சிப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயரே போடாத மிக மலிவான நீலநிற அடாப்டர்களில் பல 100-கூட அல்ல, 10-ல் ஓடுபவை.

ஒயர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக்குள் இழுத்திருக்கிறீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. அந்த லேன் ஒயரை எலக்ட்ரீஷியன் கரண்ட் ஒயர் போகும் அதே பைப்பில் நுழைத்திருந்தால் அதைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். வேகத்துக்காக அல்ல, உள்ளே எங்காவது தோல் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் வரும் என்பதற்காக.

க்யூ200 போட்டும் வராவிட்டால் மூன்றை அனுப்பி வையுங்கள்: ஆண்ட்ராய்டில் லேன் வந்ததா என்ற பதில், அந்த ஐந்தெழுத்துக் கட்டளையில் ஈத்0 வரும் வரிகள், லேன் சாக்கெட் பக்கம் மதர்போர்டைக் கிட்டத்தில் எடுத்த படம். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் சிப்பின் எழுத்து பளபளத்து மறைந்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள்.